கடைமடைக்குச் சனிக்கிழமைதான் முறை

நாலுமடை ஊர்க் கால்வாயில் நான்கு மடைகள். நான்கையும் நான்கு அண்ணன் தம்பிகள் பார்த்துக்கொண்டார்கள். மடையைத் திறப்பதும் மூடுவதும், வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் அவர்கள் வேலை. தலைமடை பெரியவர் சவரிராயன். அடுத்தது யாகப்பன். அதற்கும் கீழே சூசை. கடைமடை, எல்லாருக்கும் இளையவன் இன்னாசி.

ஒருவன் மடையை இன்னொருவன் தொடக் கூடாது, அதைப் பற்றி வாயைத் திறக்கவும் கூடாது. இது அவர்கள் அப்பா விட்டுப்போன சட்டம். ஒரு மழைக்காலத்தில் சூசையின் மடை உடைந்து அவன் கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்தினான். கரையில் உட்கார்ந்திருந்த யாகப்பன், "வானம் லேசா வெளுக்குது" என்று மட்டும் சொன்னான். வேறு எதைச் சொன்னாலும் சட்டம் உடைந்துவிடுமே.

கல்யாணத்தையும் முறைப்படிதான் வைத்திருந்தார்கள். மூத்தவர் முதலில். மூத்தவர் தன் முறை எப்போது வரும் என்று யாரையும் கேட்கவில்லை; யாரும் வந்து சொல்லவுமில்லை. இன்னாசி மட்டும் ஏதோ மறதியில் ரெஜினாவைக் கட்டிக்கொண்டுவிட்டான்.

ரெஜினா டவுனில் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். இப்படி ஒரு வீட்டில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று வருத்தப்பட அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. மூத்தவன் அமலனுக்கு நாலு வயது. இடுப்பில் இரண்டு மாதக் கைக்குழந்தை. இப்போது அமலனுக்கு வெளிக்குப் போய் ஐந்து நாள்.

வயிறு உப்பிப்போய் இருந்தது. இரண்டு வாய் சோறு உள்ளே போனதும் "போதும்மா" என்று தட்டைத் தள்ளினான். ஏப்பம் விட்டான். வயிற்றை முறுக்கும்போது கதவு மூலைக்கு ஓடி, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நின்றான். பிள்ளை முக்குகிறான் என்றுதான் ரெஜினா நினைத்தாள். ஜட்டியில் மட்டும் லேசாகக் கறை. "போயிருக்கானே, அது போதாதா?" என்றான் இன்னாசி. போதாது என்று அவளுடைய பெற்ற வயிறு சொன்னது.

கைக்குழந்தைக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். அதனால் வியாழக்கிழமை காலையில் அமலனை நான்கு பேரோடும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சவரிராயன் தொண்டையைச் செருமினார்.

"எந்த மடையைக் கேக்கிற?"

டாக்டர் சொன்னதை நான்காகப் பிரித்து, ஆளுக்கு ஒன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மொத்தமும் தெரிந்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது.

"சரி அத்தான். உங்க மடையைச் சொல்லுங்க."

"குடல்ங்கிறது சும்மா குழாய் இல்லையாம். அலை அலையா சுருங்கி, உள்ளே இருக்கிறதைத் தள்ளிக்கிட்டே போகுமாம். என்னிக்கோ ஒருநாள் பயலுக்குக் கெட்டியாப் போயி வலிச்சிருக்கு. அந்தப் பயத்துல அடக்கியிருக்கான். மூலையில நின்னு முக்கலை, அடக்குறான். அடக்க அடக்க இன்னும் கெட்டியாகுது. குடலும் விரிஞ்சு, தள்ளணும்ங்கிறதையே மறந்துபோச்சாம். கறை படறது பக்கவாட்டுல கசியறது."

பெரிய அத்தான் இவ்வளவு தெளிவாகப் பேசி ரெஜினா கேட்டதே இல்லை. அவளுக்குக் கண் கலங்கியது.

"இதுக்கு என்ன மருந்து அத்தான்?"

"அது என் மடை இல்லை."

மருந்து யாகப்பனிடம் இருந்தது. பாட்டிலை இடுப்பு வேட்டியில் செருகியிருந்தான். "காலையில ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி. தண்ணி நிறையக் குடுக்கணும். பழம், கீரை. நல்லா ஓடியாடணும்" என்றான். பாட்டிலைக் கேட்டதற்குத் தரவில்லை. "திறக்கிற நேரத்துக்கு நானே வந்து திறப்பேன்."

சூசையிடம் இன்னொன்று. "சாப்பிட்டு முடிச்ச உடனே பத்து நிமிஷம் உட்கார வைக்கணும். காலுக்கு அடியில பலகை போடணும். வீட்டுல இருக்கிறவங்களும் கூட உட்கார்ந்து கதை பேசணும். அப்பத்தான் பயம் போகும்னாங்க."

ரெஜினா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"கடைமடைக்குச் சனிக்கிழமைதான் முறை" என்றான் இன்னாசி.

"இங்க பாருங்க, புள்ளை விஷயம். விளையாடாதீங்க."

"நான் எங்க விளையாடுறேன்? தலைமடையில திறந்த தண்ணி ரெண்டு நாள் கழிச்சுத்தான் எனக்கு வரும். வந்தப்புறம் செய்ய வேண்டியதை வந்தப்புறம் சொல்றேன்."

"ஆபத்தா ஏதாவது ஆனா? அதையாவது யாராவது கேட்டீங்களா?"

இதற்கு நான்கு பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். "வயிறு கல்லு மாதிரி ஆனா, பச்சையா வாந்தி எடுத்தா, ரத்தம் வந்தா உடனே தூக்கிட்டு ஓடி வரணும். இல்லைன்னாலும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்க்கணும்."

"இதை மட்டும் எப்படி எல்லாரும் சொல்றீங்க?"

"அது உடைப்பு, ரெஜினா" என்றார் சவரிராயன். "உடைப்பு பொது."

அன்று சாயங்காலம் யாகப்பன் வந்து ஒரு மூடி மருந்தைக் கொடுத்துவிட்டு, பாட்டிலை மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டான். உடனே ஒரு பிரச்சினை வந்தது.

"பயலை வாயை மூடச் சொல்லு" என்றார் சவரிராயன். "தலைமடை திறந்தே கிடந்தா தண்ணியெல்லாம் மேல் வயலுக்கே போயிடும். கடைமடைக்கு எப்படிப் போகும்?"

"மேல விட்டாத்தானேண்ணே கீழ வரும்? திறந்தே இருக்கட்டும்."

"எத்தனை வருஷமா மடை பார்க்கிறே நீ?"

"உங்க மடையைப் பத்தி நான் பேசலைண்ணே. வாயைப் பத்திப் பேசுறேன்."

"வாய்தான்டா தலைமடை!"

வாய் தலைமடை என்றால் அதைப் பற்றிப் பேசத் தனக்கு உரிமையில்லை என்று யாகப்பன் ஒப்புக்கொண்டான். அமலனை வாய் திறக்காமல் இருக்கச் சொன்னார்கள். பிறகு, வயிறு வலிக்கிறதா, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று நான்கு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பதிலே வரவில்லை. "புள்ளைக்குப் பேச்சும் நின்னுபோச்சே!" என்று இன்னாசி தலையில் கை வைத்துக்கொண்டான். ரெஜினா ஓடிவந்து பிள்ளையின் வாயில் வாழைப்பழத்தை வைத்துத் தலைமடையைத் திறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் எழுந்து பார்த்தபோது அமலனின் கட்டில் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் நாலு நாலு செங்கல் இருந்தது. அமலன் கால்மாட்டில் சுருண்டு கிடந்தான்.

"வாட்டம் பத்தலை, அதான்" என்றான் சூசை. தூக்கித் தலைமாட்டில் படுக்க வைத்தார்கள். சறுக்கி வந்தான். மறுபடியும் வைத்தார்கள். மறுபடியும் வந்தான். "பார்த்தியா, பயல் முழுசா வர்றான். உள்ளே இருக்கிறதுதான் வர மாட்டேங்குது."

ரெஜினா எட்டுச் செங்கலையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் போட்டாள். பிறகு பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மணிக்கு நாலு தடவை தொட்டுப் பார்த்தாள். கல் இல்லை. உப்பல்தான். கல் இல்லை, மாதாவே, கல் இல்லை.

ஓடியாட வேண்டும் என்று சொன்னார்களே, அந்தப் பொறுப்பை யாகப்பன் முறைப்படி அண்ணனிடம் ஒப்படைத்தான். சவரிராயன் அமலனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு குளத்தை ஒன்பது சுற்று ஓடினார். அமலன் "இன்னும் வேகமா, பெரியப்பா!" என்று குதித்தான். அன்றைக்குச் சவரிராயனுக்குக் குடல் மிக நன்றாக வேலை செய்தது. மூன்று தடவை போனார். அமலனுக்கு ஒன்றுமில்லை.

சனிக்கிழமை விடிந்தும் ஒன்றுமில்லை. ரெஜினா ஒரு பையில் பிள்ளையின் உடுப்பு, துண்டு, டம்ளர், ஜெபமாலை எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். சாயங்காலப் பஸ் நாலரைக்கு. பையைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். நான்கு சகோதரர்களும் நிம்மதியாக இருந்தார்கள். சனிக்கிழமை வந்துவிட்டதே!

மத்தியானம் கீரையும் சோறும் சாப்பிட்ட கையோடு அமலனைக் கொல்லையில் நடுவில் ஓட்டை போட்ட அவனுடைய குட்டி நாற்காலியில் உட்கார வைத்தாள். காலுக்கு அடியில் பலகை போட்டாள். வீட்டில் இருக்கிறவர்களும் கூட உட்கார வேண்டுமாம். நான்கு பேரும் ஆளுக்கொரு வாளியைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள். காலுக்கு அடியில் ஆளுக்கு இரண்டு செங்கல். சரியாக எட்டு.

"கதை சொல்லுங்க பெரியப்பா."

"ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்றார் சவரிராயன். "அவரு உட்கார்ந்திருந்தாரு."

"அப்புறம்?"

"உட்கார்ந்திருந்தாரு."

"அப்புறம்?"

"பத்து நிமிஷம் ஆகலையேடா. எப்படி எழுந்திரிப்பாரு?"

"ராஜா கீரை சாப்பிட்டாரா?" என்று யாகப்பன் கவலையோடு கேட்டான்.

சூசை அவசரத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட மறந்திருந்தான். ராஜா எழுந்திருக்கவே இல்லை. சூசைதான் மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தான். முழங்காலும் முகமும் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் மற்றவர்கள் கவனித்தார்கள். அது சூசையின் வாளி. யாரும் தொடக் கூடாது.

"வானம் லேசா வெளுக்குது" என்றான் யாகப்பன்.

அமலன் சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்ததில் அடக்க மறந்துபோனான். இரண்டு நாளாக வேலை பார்த்துக்கொண்டிருந்த மருந்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

சத்தம் கேட்டது.

அமலன் முகத்தில் ஆச்சரியம். "அம்மா, வலிக்கவே இல்லை."

கால்வாயில் கடைசிவரை தண்ணீர் வந்து சேர்ந்ததும் கரையில் கூவுவதுபோல, இன்னாசி எழுந்து நின்று, வாய்க்கு இரண்டு பக்கமும் கை வைத்துக்கொண்டு, "கடைமடை தொட்டாச்சு!" என்று சூசையைப் பார்த்துக் கூவினான். சூசை வாளிக்குள்ளிருந்தே யாகப்பனுக்குக் கூவினான். யாகப்பன் சவரிராயனுக்குக் கூவினான். ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்திருந்த சவரிராயன், "கேட்டாச்சு!" என்று பதில் கூவினார்.

ரெஜினா தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்பவாவது சொல்லுங்க. உங்ககிட்ட டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"போறவங்களைத் திட்டக் கூடாது. அவசரப்படுத்தக் கூடாது" என்றான் இன்னாசி. "போயிட்டு வந்தா எல்லாரும் கை தட்டிப் பாராட்டணும். ஒவ்வொரு தடவையும்."

எல்லாரும் கை தட்டினார்கள். அமலன் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். மருந்தை மட்டும் நிறுத்தாமல் இன்னும் இரண்டு மாதம் கொடுக்க வேண்டுமாம். யாகப்பன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ரெஜினா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. சவரிராயன். முகம் வாடியிருந்தது.

"என்ன அத்தான், காபி வேணுமா?"

"இல்லைம்மா." கொஞ்ச நேரம் தோள் துண்டின் ஓரத்தைத் திருகினார். "நானும் போயிட்டு வந்துட்டேன்."

"சரி அத்தான்."

"யாரும் கை தட்டலை."

ரெஜினா எட்டிப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் யாகப்பனும் சூசையும் குளித்துத் தலை சீவி, முறைப்படி வரிசையில் நின்றார்கள். இன்னாசியைக் காணோம்.

தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கை தட்டினாள்.

"அவரு எங்கே?" என்று கேட்டாள்.

மூன்று பேரும் கொல்லைப் பக்கம் கை காட்டினார்கள். அங்கே இன்னாசி கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், செங்கல்லில் கால் வைத்து, முகம் சிவக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அவன் கடைமடை இல்லையா?" என்றார் சவரிராயன். "அவனுக்குச் சனிக்கிழமைதான்."