அளந்துவிட்ட அரண்மனை

முன்னொரு காலத்தில், மந்திரவாதிகளும் அழையாமலே விருந்துக்கு வந்துபோன காலத்தில், செம்பாறை ஜமீனை உக்கிரசிங்கர் என்பவர் ஆண்டுவந்தார். பெயர்தான் பெரிது, அரண்மனை சிறிது. உள்ளதைச் சொன்னால் அது ஒரே ஓர் அறை. ஆனால் வந்தவர்களை உட்காரவைத்து அதன் வரலாற்றை அவர் அளக்க ஆரம்பித்தால், இலையில் போட்ட சோறு ஆறிப்போகும்.

ஒருநாள் அப்படி மாட்டிக்கொண்டவர் ஒரு மந்திரவாதி. பசியோ பசி. மூன்று நாழிகை பொறுத்துப் பார்த்தார். பிறகு, "இனி நீர் சொல்வதெல்லாம் இங்கே எழும்பட்டும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சபையில், "என் தாத்தா ஏழு நிலை மாடம் கட்டினார்" என்றார் உக்கிரசிங்கர். கடகடவென்று எழுந்தது மாடம். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "அவர் அப்பா ஆயிரங்கால் மண்டபம் கட்டினார்" என்றார். கடகடவென்று எழுந்தது மண்டபம். "அவருக்கும் அப்பா ஆயிரம் அறை அந்தப்புரம் கட்டினார்" என்றார். கடகடவென்று அதுவும் எழுந்தது. அக்கம்பக்கத்து ராஜாக்கள் ஏழு பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க வந்தார்கள்.

அவர்கள் வந்த அன்று காலையில்தான் அவருடைய ஆறு வயது மகள் மருக்கொழுந்து அந்தப்புரத்துக்குள் ஓடினாள். உச்சிப்பொழுதாகியும் திரும்பவில்லை.

தேடப் போனால், ஒரு கதவைத் திறந்தால் மூன்று கதவு. மூன்றைத் திறந்தால் ஒன்பது கதவு. எங்கோ சுவருக்குப் பின்னால், "அப்பா, பசிக்குது" என்று குரல் கேட்டது. அடுத்த முறை இன்னும் தூரத்தில் கேட்டது. உக்கிரசிங்கர் சபை நடுவே உட்கார்ந்து அழுதார்.

ஆயிரம் அறையையும் பெருக்கி இடுப்பு ஒடிந்துபோன இருளாயி துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"மகாராசா, பேசித்தானே வளந்துச்சு? பேசியே கொறைங்க."

அவர் சுவரோரமாகப் போய் உண்மையை முணுமுணுத்தார். ஒரு சிட்டிகைக் காரை உதிர்ந்தது.

"சபையில சொன்னதைச் சபையிலதான் எடுக்கணும்" என்றாள் இருளாயி.

ஏழு ராஜாக்களும் அவரையே பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்னார்: "என் தாத்தா மாடம் கட்டவில்லை. ஆடு மேய்த்தார்." மாடம் மறைந்தது. "அவர் அப்பா மண்டபம் கட்டவில்லை. அவரும் ஆடுதான் மேய்த்தார்." மண்டபம் மறைந்தது. மூன்றாவதைச் சொல்லும் முன் ஏழு ராஜாக்களின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். மகளின் குரல் இப்போது கேட்கவே இல்லை.

"அவருக்கும் அப்பா அந்தப்புரம் கட்டவில்லை" என்று கத்தினார் உக்கிரசிங்கர். "மழைக்கு ஆடுகள் ஒதுங்க ஓர் அறை கட்டினார். அதில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்."

ஆயிரம் அறையும் மறைந்தது. நாலடி தள்ளி மருக்கொழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

சிரிப்பார்கள் என்று பயந்திருந்தார். ஏழு ராஜாக்களில் மூத்தவர் தொண்டையைச் செருமி, "எங்க தாத்தா உப்பு வித்தவருங்க" என்றார். அதன்பிறகு அங்கே எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது. இருளாயியைப் பக்கத்தில் உட்காரவைத்து, முட்டிக்கு முட்டி இடிக்க, அந்த ஓர் அறையிலேயே எல்லோரும் சாப்பிட்டார்கள்.

"புழுக்கமா இருக்கு. ஒரே ஒரு ஜன்னலுக்கு மட்டும் பொய் சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.

உக்கிரசிங்கர் சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். பொழுது சாய்வதற்குள் சற்றே கோணலாக ஒரு ஜன்னல் வந்துவிட்டது. அதைக் கட்டியது யார் என்று பிற்காலத்தில் எவர் கேட்டாலும், அவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: "நான்."