செம்மண் சரிவில் உருண்ட அழுங்கு

நெடுங்குளத்தை ஒட்டிய காட்டில் ஒரு நரி இருந்தது. அது செய்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை மாறினால் அநியாயம் செய்தவனுக்குத்தான் வசதி.

முதலாவது, நாவல் மரத்து நிழல். அது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஒரு கோடையில் நரி அதைத் தன்னுடையது ஆக்கிக்கொண்டது.

இரண்டாவது, குளத்தோரத்து மணல் திட்டு. குட்டிகள் குழி பறித்து விளையாடிய இடம். அதைச் சுற்றி முள்வேலி வந்தது. உள்ளே போக ஒரு குட்டிக்கு ஒரு பழம்.

மூன்றாவது, முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும் துறை. வேலி அதையும் வளைத்தது. ஒரு பழம் இரண்டு பழம் ஆனது.

நான்காவது, பெரியவர்கள் உள்ளே வரக் கூடாது என்ற உத்தரவு. பிள்ளை உள்ளே விளையாடும். தாயும் தகப்பனும் வேலிக்கு வெளியே வெயிலில் நின்று கொட்டாவி விடுவார்கள். பழத்தையும் கொடுத்து, பிள்ளையையும் விட்டு, வெயிலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

ஐந்தாவது, இத்தனையும் செய்துவிட்டு நரி தனக்கு வைத்துக்கொண்ட பெயர். வள்ளல்.

இதெல்லாம் எப்படி நடந்தது? காட்டு வழக்கப்படிதான் நடந்தது. ஓர் இடம் வேண்டுமென்றால் நாரையை அழைக்க வேண்டும். நடப்பது ஒன்று, பறப்பது ஒன்று, நீந்துவது ஒன்று என மூன்று சாட்சிகள் நிற்க வேண்டும். இடம் கேட்பவர் அந்த இடத்தை அனுபவித்துக் காட்ட வேண்டும். "மறுப்பவர் உண்டா?" என்று நாரை கேட்கும். யாரும் மறுக்காவிட்டால் கேட்டவர் பெயரை உரக்க வாசிக்கும். சாட்சிகள் "கேட்டோம்" என்பார்கள். அதன் பிறகு அந்த இடத்தில் அவர் சொல்வதே சட்டம்.

நாரை மூன்று முறையும் நியாயமாகத்தான் கேட்டது. ஆனால் அது கேட்டு முடித்ததும் நரி ஒருமுறை உறுமும். அவ்வளவுதான். காடு முழுவதும் தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நரி இடத்தை எடுத்தது. மற்றவர்கள் வாயை மூடிக் கொடுத்தார்கள்.

அந்தக் காட்டில் ஒரு தாய் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் கெட்டியான செதில். கரையானும் எறும்பும்தான் சாப்பாடு. அதற்கு ஒரு பெயர் உண்டு. யாரும் கேட்டதில்லை. நரி அதை "ஏய் செதில்" என்று கூப்பிடும். மற்றவர்கள் "அக்கா" என்பார்கள். அதன் குட்டி குன்றி, "அம்மா" என்னும்.

குன்றி பிறந்ததிலிருந்து புற்றையும் பொந்தையும் தவிர வேறு இடம் பார்த்ததில்லை. முயல் குட்டிகள் ஏழும் மணல் திட்டுக்குப் போய்வந்து கதை சொல்லும். குன்றி கேட்டுக்கொண்டிருக்கும்.

"அம்மா, ஒரே ஒரு நாள்."

"நாளைக்கு."

"நேத்தும் நாளைக்குன்னுதானே சொன்னே?"

தாய் அதற்கு மேல் தள்ளிப்போடவில்லை. மறுநாள் காலையிலிருந்து ஒரு புற்று விடாமல் தோண்டி, ஓர் இலை நிறைய எறும்பு முட்டை சேர்த்தது. குன்றியை வாலில் ஏற்றிக்கொண்டு நரியின் வேலிக்குப் போனது. வேலி வாசல் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. ஒரு பக்கம் இறங்கினால் மணல் திட்டு. மறுபக்கம் புல்லும் முளைக்காத செம்மண் சரிவு. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

வாசலுக்கு வெளியே முயல் அப்பன் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

"வாங்க அக்கா. நிழலா இருக்கேன்னு என் காதுக்குக் கீழே ஒதுங்கிடாதீங்க. அது எனக்கே பத்தலை."

"ஏழு குட்டிக்கும் பழம் எங்கேப்பா கிடைச்சுது?"

"ஏழும் ஒண்ணா எங்கே போகுது? ஒரு நாளைக்கு ஒண்ணு. இன்னிக்கு நாலாவது போயிருக்கு. மூணாவது வீட்ல அழுதுட்டிருக்கு, தன் முறை சீக்கிரம் முடிஞ்சுபோச்சாம்."

அழுங்கு வாசலுக்குப் போய் இலையை நரியின் முன் வைத்தது.

நரி முகர்ந்து பார்த்தது. "என்ன இது?"

"எறும்பு முட்டைங்க. இன்னிக்கு எடுத்தது."

"பழம் எங்கே?"

"நாங்க பழம் தின்கிற சாதியில்லையே. எங்ககிட்ட இருக்கிறது இதுதான். ஒரு நாழிகை போதும். மணல்ல கால் வச்சுட்டு வந்துடுவா."

"வள்ளல்கிட்டயே பேரமா?" என்றது நரி. "உன் குட்டி செதில் பட்டு மத்த குட்டிங்க மேலெல்லாம் கீறல் விழும். உனக்கு நாலு பழம்."

"நரியாரே..."

"போ!" என்று நரி உறுமியது.

அழுங்கு சாதிக்கு ஒரு பழக்கம் உண்டு. பயம் வந்தால் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். யோசித்துச் செய்வதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பயந்து பயந்து உடம்பே கற்றுக்கொண்டது. இந்த அழுங்கும் சுருண்டது. ஆனால் சுருண்ட இடம் மேட்டின் விளிம்பு.

பந்து உருண்டது. செம்மண் சரிவில் மெல்ல ஆரம்பித்து, வேகம் பிடித்து, ஒரு மேட்டில் துள்ளி, மறுபடி விழுந்து, கடைசியில் அடிவாரத்துச் சருகுக் குவியலுக்குள் தொப்பென்று புதைந்தது.

சத்தமே இல்லை. தாய் 'குட்டி போச்சு' என்று நினைத்தது. மெல்லச் சுருளை அவிழ்த்துப் பார்த்தது.

குன்றியின் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறதோ என்று குனிந்தது. இல்லை. குட்டி சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது.

"அம்மா, இன்னொரு தடவை!"

"அடி பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்லே. நீதானே வெளியே இருந்தே. இன்னொரு தடவைம்மா!"

தாய் தன் உடம்பைத் தடவிப் பார்த்தது. செதிலில் கொஞ்சம் செம்மண். வேறொன்றும் இல்லை. மேட்டைப் பார்த்தது. குட்டியைப் பார்த்தது. ஏறியது. இம்முறை யாரும் உறுமவில்லை. தானாகவே குட்டியை அணைத்துச் சுருண்டு, தானாகவே உருண்டது. பாதிச் சரிவில் ஒரு சத்தம் கேட்டது. தன்னுடைய சிரிப்புதான் அது என்று தெரிய அதற்குச் சற்று நேரம் பிடித்தது.

முயல் அப்பன் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தது.

"அக்கா! உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்பா. இப்பத்தான் இருக்கேன்."

"இது எவ்வளவு பழம்?"

"மேலே இருந்து விழணும். அவ்வளவுதான்."

முயல் அப்பன் தன்னைச் சுற்றிப் பார்த்தது. ஒரு காய்ந்த பனை மட்டை கிடந்தது. அதை இழுத்து வந்தது. வீட்டிலிருந்து ஆறு குட்டிகளையும் கூட்டிவந்தது. வேலிக்குள் இருந்த நாலாவது குட்டி, அண்ணன் தம்பிகள் கூச்சல் போடுவதைக் கேட்டுத் தானே வெளியே ஓடிவந்தது. ஏழு குட்டிகளும் மட்டையில் ஏறின. அப்பனும் நடுவில் உட்கார்ந்தது. மட்டை பாதியில் கவிழ்ந்தது. எட்டுப் பேரும் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள். அப்பன்தான் கடைசி.

"நான் சும்மா பிள்ளைங்களைப் பிடிக்கத்தான் வந்தேன்," என்றது முயல் அப்பன், காதிலிருந்த சருகை உதறிக்கொண்டு. பிறகு எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் மட்டையை மேலே இழுத்தது.

பிற்பகலுக்குள் முள்ளம்பன்றி வந்தது, கீரி வந்தது, காட்டுப்பன்றி குடும்பத்தோடு வந்தது. வேலிக்குள் மணல் மட்டும் இருந்தது.

மாலையில் நரி சரிவுக்கு வந்தது. கோபப்படவில்லை. தேனொழுகப் பேசியது.

"பிள்ளைங்க விளையாடுறதைப் பார்க்க மனசு குளிருது. ஆனா ஆபத்தான இடம். ஒரு பொறுப்பான ஆள் பார்த்துக்கணும். நாளைக்குக் காலையில நாரையை வரச் சொல்லியிருக்கேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டது. சரிவில் சிரிப்பு நின்றது. குன்றி தாயின் காலைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, இதுவும் போயிடுமா?"

தாய் குட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டது. முயல் அப்பன்தான் பேசியது. "அக்கா, முதல்ல உருண்டது நீங்க. நீங்கதான் கேட்கணும்."

"நானா? அவன் உறுமினா நான் சுருண்டுடுவேனேப்பா."

"நாங்க மட்டும் என்ன? மூணு தடவையும் தரையைத்தானே பார்த்துட்டு நின்னோம். கேளுங்க அக்கா. கிடைச்சா நீங்களே ஆளுக்கொரு பழம் வாங்கிக்கலாம்."

"எனக்குப் பழம் பிடிக்காது," என்றது அழுங்கு.

மறுநாள் காலை நாரை வந்தது. சாட்சிகளாக மானும் மீன்கொத்தியும் ஆமையும் நின்றார்கள். காடே கூடியிருந்தது. நரி தன் மகனையும் அழைத்து வந்திருந்தது, தகப்பன் பெருமையைப் பார்க்கட்டும் என்று.

"இடத்தை அனுபவித்துக் காட்டு," என்றது நாரை.

நரி விளிம்பில் ஒரு காலை வைத்தது. கீழே எட்டிப் பார்த்தது. காலை எடுத்துக்கொண்டது. "பார்த்தேன். ரசித்தேன். அதுவும் அனுபவம்தானே?"

"மறுப்பவர் உண்டா?"

நரி ஒரு சுற்றுப் பார்த்தது. தலைகள் குனிந்தன. அப்போது அழுங்கு குன்றியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தது.

"நான்... நான் மறுக்கிறேன். இந்தச் சரிவுல..."

நரி தன் ஆயுளில் உறுமாத உறுமலை உறுமியது.

அழுங்கு சுருண்டது. உருண்டது. மேட்டிலிருந்து மறைந்தது.

"பார்த்தீங்களா? மறுத்தவளே ஓடிட்டா," என்றது நரி. "வாசிங்க நாரையாரே."

நாரை அலகைத் திறந்தது. அந்த நேரத்தில் கீழே, உருளும் பந்துக்குள்ளிருந்து, ஒரு குட்டியின் சிரிப்பு மேட்டைத் தாண்டி வந்தது. அத்தனை பேரும் விளிம்புக்கு ஓடிப் பார்த்தார்கள். சாட்சிகள் மூவரும் பார்த்தார்கள்.

"நாரையாரே," என்றது முயல் அப்பன். அதன் மீசை நடுங்கியது. ஆனால் அது தரையைப் பார்க்கவில்லை. "அனுபவிச்சுக் காட்டணும்கிறதுதானே வழக்கம்? இதுக்கு மேல எப்படிக் காட்டுறது? நரியாரே தள்ளிவிட்டுக் காட்டிட்டாரே!"

நாரை அலகை மூடியது. "அது மேலே வரட்டும்," என்றது.

எல்லோரும் காத்திருந்தார்கள். அழுங்கு மெல்ல மெல்ல ஏறி வந்தது. முதுகில் செம்மண், தலையில் ஒரு சருகு. நரி மறுபடியும் பல்லைக் காட்டி உறுமியது.

அழுங்கு சுருளவில்லை.

"கொஞ்சம் இருங்க," என்றது. "மூச்சு வாங்கிட்டு அப்புறம் உருளுறேன்."

முதலில் ஆமை சிரித்தது. பிறகு மான். பிறகு காடு முழுவதும். அந்தச் சிரிப்பில் மூன்று வருஷத்துப் பயம் கலைந்து போனது. நரி இன்னொருமுறை உறுமிப் பார்த்தது. அது யார் காதிலும் விழவில்லை.

"நரியாரே, நீங்களும் உருண்டு காட்டலாம்," என்றது நாரை.

நரி சரிவைப் பார்த்தது. தன் புசுபுசுவென்ற வாலைப் பார்த்தது. ஓரடி பின்வாங்கியது.

"அனுபவித்துக் காட்டியது நீதான். மறுப்பவரும் இல்லை," என்று நாரை அழுங்கின் பக்கம் திரும்பியது. "இங்கே உன் சட்டம் என்ன?"

அழுங்கு யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. வேலிக்கு வெளியே வெயிலில் நின்ற முயல் அப்பனை அது மறக்கவில்லை. "வேலி கிடையாது. பழம் கிடையாது. ஆனா பிள்ளையைத் தனியா அனுப்பக் கூடாது. கூட்டிட்டு வர்றவங்களும் கூடவே உருளணும். அதுதான் இங்கே கட்டணம்."

"சரி. உன் பெயர்?"

முயல் அப்பன் காட்டுப்பன்றியைப் பார்த்தது. காட்டுப்பன்றி கீரியைப் பார்த்தது. யாருக்கும் தெரியவில்லை. "அக்கான்னே கூப்பிட்டுட்டோம்," என்று முயல் அப்பன் முணுமுணுத்தது. அதற்கு வெட்கமாக இருந்தது.

அழுங்கு நாரையின் காதருகே போய்த் தாழ்ந்த குரலில் சொன்னது. நாரை கழுத்தை நிமிர்த்திக் காடு முழுவதும் கேட்கும்படி வாசித்தது:

"செம்மண் சரிவு. முதலில் உருண்டவள், சிலம்பாயி."

"கேட்டோம்," என்றது மான். "கேட்டோம்," என்றது மீன்கொத்தி. "கேட்டோம்," என்றது ஆமை.

"நானும் கேட்டேன்," என்றது நரியின் மகன், தகப்பனின் வாலைப் பிடித்துச் சரிவை நோக்கி இழுத்தபடி. "வாப்பா, கூட ஆள் வேணுமாம்."

கூடவே இறங்கி விளையாடும் பெற்றோர் உள்ள பிள்ளைக்கு எந்தச் சரிவும் திருவிழாதான். அந்தச் சரிவுக்கு வேலி போட வருகிறவன் முன் தலை குனியாமல் நிற்பதும் அந்தப் பெற்றோரின் கடமைதான்.