சுடுகிற இடம்

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்றதும் யானை, பல்லக்கு, பட்டுக்குடை என்று போய்விட வேண்டாம். ஓடு வேய்ந்த கூடம், பின்னால் சமையல்கட்டு, ஒரு கிணறு, வேப்ப மரத்தடியில் ஒரு பழைய டீசல் வேன். சொத்து அவ்வளவுதான்.

மலைக்கு மேலே கொட்டாம்பாறை என்று ஒரு ஊர். அந்த ஊருக்கு அந்த வேன்தான் ஆஸ்பத்திரி வண்டி. பிரசவமோ பாம்புக்கடியோ, அதுதான் ஏறி வர வேண்டும். ஓட்டுகிறவர் வெள்ளையன், அந்த ஊர்க்காரர்.

மடத்தின் தலைவி வடிவம்மை. காவி வாங்குவதற்கு முன்னால் பஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியன். தாண்டவமூர்த்தி அவரைவிட வயதில் மூத்தவர், ஆனால் அவருக்குச் சீடர். வருகிறவர்களுக்குத் தருக்கம் சொல்லிக்கொடுப்பவர். பேசி அவரை ஜெயித்தவர் கிடையாது. "ஸ்பேனர் பிடிச்ச பொம்பளை நமக்குக் குருவா?" என்று சிலர் முனகியபோது அவர்களை வாதத்தில் மூக்குடைத்து அனுப்பியவரும் அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நியாயத்தின் பக்கம் நிற்கிறவன் என்று தன்னைப் பற்றி ஓர் எண்ணமும் உண்டு.

அன்று காலை அவர் வடிவம்மையின் முன்னால் வந்து கையை விரித்தார். உள்ளங்கையில் வேன் சாவி.

"வெள்ளையன்கிட்டேருந்து வாங்கிட்டேன், அம்மா. வேற டிரைவர் பார்க்கணும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

வடிவம்மை முறத்தில் சாமையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"என்ன செஞ்சார்?"

"திருடினான்."

"எதை?"

"பேட்டரியை."

"வண்டியில பேட்டரி இருக்குதே."

"இருக்குது. ஆனா நான் வாங்கின பேட்டரி இல்ல."

"எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல் தாண்டவமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆயுத பூஜைக்கு அப்புறம் வண்டி சரியா செல்ஃப் எடுக்கல. இழுத்து இழுத்துச் சுத்துது. போன வாரம் மழையில கொட்டாம்பாறைப் பொண்ணு ஒருத்தி வலியோட உள்ள கிடக்க, ஊரே சேர்ந்து தள்ள வேண்டியதாப் போச்சு."

"தெரியும். பிள்ளைக்குப் பேரு கூட வெச்சுட்டாங்க."

"பேட்டரி போச்சுன்னு புதுசு வாங்கினேன். டவுன்லேருந்து தனியா எடுத்துட்டு வந்தவன் வெள்ளையன். மாட்டினவன் வெள்ளையன். மாட்டின பிறகும் அதே இழுவை. செல்ஃப் மோட்டாரைக் கழட்டி ஆளை வெச்சுப் பார்த்தாச்சு, நல்லா இருக்குது. ஆயிலும் சரியான ஆயில். புது பேட்டரின்னா சட்டுனு எடுக்கணும். இது எடுக்கல. அப்ப இது புதுசு இல்ல. வழியில கை வெச்சது ஒரே ஆள். இதுல எங்கயாவது ஓட்டை இருக்குதா, சொல்லுங்க."

ஓட்டை இல்லைதான். டிபன் கேரியர் அடுக்கு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. மலையிலிருந்து வந்த ஆள்மேல் திருட்டு சொல்கிறபோது எல்லாமே இப்படித்தான் சீக்கிரம் கச்சிதமாக உட்காரும்.

"அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். இல்லைன்னான். எந்தத் திருடன் ஆமாம்பான்?"

"அப்ப, இல்லைன்னாலும் திருடன். ஆமாம்னாலும் திருடன்."

தாண்டவமூர்த்தி அதைக் காதில் வாங்கவில்லை. "அவங்க ஊரே அவனை நம்பல, அம்மா. இன்னிக்குச் சாயங்காலம் கூட்டம் போடறாங்களாம். மடத்துச் சொத்துல கை வெச்சவன் குடும்பத்தோட நல்லது கெட்டது வெச்சுக்கக் கூடாதுன்னு பேச்சு."

வடிவம்மை முறத்தைக் கீழே வைத்தார். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க. வண்டியைப் பார்க்கலாம்."

வெள்ளையன் வேனுக்குள்ளிருந்து தன் போர்வையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பை. வடிவம்மையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"வரேன், அம்மா. வெயிலுக்கு முன்ன ஏறிட்டா நடக்க லேசு."

"கொஞ்சம் இருங்க. ஒரு தடவை உட்கார்ந்து சாவி போட்டுக் காட்டுங்க."

"சாவி சாமிகிட்ட இருக்குது."

தாண்டவமூர்த்தி சாவியை அவர் கையில் கொடுக்கவில்லை. சீட்டின்மேல் வைத்தார். வெள்ளையன் அதை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"எஞ்சின் பிடிக்கக் கூடாது. வெறுமனே சுத்தினா போதும். எஞ்சினை நிறுத்துற ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடிச்சுக்குங்க," என்றார் வடிவம்மை. பிறகு தாண்டவமூர்த்தியிடம் திரும்பினார். "செல்ஃபுக்குப் போற கரண்டு பெரிய கரண்டு. தாராளமாப் போனா ஒயரு சும்மா இருக்கும். எங்க இடைஞ்சல் இருக்கோ அங்க சுடும். நீங்க ஒவ்வொரு இணைப்பா கை வெச்சுப் பாருங்க."

"நீங்களே பார்த்துடலாமே, அம்மா. உங்களுக்குத் தெரிஞ்ச வேலை."

"வழக்கு உங்களோடது."

தாண்டவமூர்த்தி பேட்டரியின் பிளஸ் முனையில் விரலை வைத்தார். வெள்ளையன் சாவியைத் திருப்பினார். உர்ர்... உர்ர்... உர்ர்... என்று கிழட்டு ஆள் மாடிப்படி ஏறுகிற மாதிரி எஞ்சின் முனகியது.

"சுடல," என்றார் தாண்டவமூர்த்தி.

"மைனஸ் முனை?"

உர்ர்... உர்ர்...

"சுடல."

"செல்ஃப் மோட்டார்ல ஒயரு சேருற இடம்?"

அவர் குனிந்து கையை உள்ளே விட்டார். உர்ர்... உர்ர்...

"சுடல, அம்மா." நிமிர்ந்தபோது அவர் குரலில் ஜெயித்த மிடுக்கு ஏறியிருந்தது. "பார்த்தீங்களா? இணைப்புல குத்தமில்ல, மோட்டார்ல குத்தமில்ல. மிச்சம் இருக்கிறது ஆள்தான்."

வெள்ளையன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார்.

"போன கரண்டு திரும்பணுமே. எந்த வழியாத் திரும்பும்?"

"எஞ்சின் உடம்பு வழியா வந்து, எர்த் ஒயர்ல இறங்கி, வண்டியோட அடிச்சட்டம், அந்தச் சேஸிஸ் வழியா பேட்டரிக்கு." பாடம் ஒப்பிக்கிற வேகத்தில் சொன்னார்.

"அந்த எர்த் ஒயரு சேஸிஸ்ல சேருற இடத்தைப் பாருங்க."

"அது வேண்டாம், அம்மா."

"ஏன்?"

"அது நான் மாட்டினது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது.

யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். பதில் சொல்வது அவருக்குக் கைவந்த வேலை. எதிரில் வாதமே இல்லாதபோது என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நினைவுக்கு வந்தது. வண்டியைத் துடைத்துப் பொட்டு வைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவருக்குப் போதவில்லை. "அடியில துருவை வெச்சுக்கிட்டு மேல சந்தனம் பூசினா அது பூஜையா?" என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்துவிட்டு, எர்த் ஒயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, சேஸிஸ் முழுக்க வெள்ளிப் பெயிண்ட் அடித்தார். ஒரு பூச்சு போதாமல் மேலே இன்னொரு பூச்சு. காய்ந்ததும் ஒயரை அதன்மேலேயே வைத்து முடுக்கினார். மறுநாள் வண்டிக்குத் தீபாராதனை காட்டியபோது அடிப்பக்கம் பளபளத்ததை எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அவரும் குனிந்து பார்த்தார்.

இப்போது குனிவது அவ்வளவு சுலபமாக இல்லை.

விரலை வைத்தார். வடிவம்மை வெள்ளையனுக்குத் தலையசைத்தார்.

உர்ர்... உர்ர்... உர்ர்...

தாண்டவமூர்த்தி கையை வெடுக்கென்று இழுத்து, விரலைக் காது மடலில் வைத்துக்கொண்டார்.

"சுடுதா?" என்று கேட்டார் வடிவம்மை.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வடிவம்மை உள்ளே போய் ஸ்பேனரும் உப்புத்தாளும் எடுத்துவந்து தரையில் வைத்தார். வெள்ளையன் பழக்கத்தில் இறங்கிக் கை நீட்டினார். "நீங்க உட்காருங்க," என்றார் வடிவம்மை.

தாண்டவமூர்த்தி வெள்ளை வேட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்தார். போல்ட்டைக் கழற்றினார். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார். வெள்ளிப் பொடி முகத்தில் உதிர்ந்தது, கண்ணில் விழுந்தது. மேல் பூச்சு போயிற்று, அடிப்பூச்சு போயிற்று, கடைசியில் வெறும் இரும்பு தெரிந்தது. ஒயரின் வளையத்தையும் தேய்த்து, நடுவில் பெயிண்ட் இல்லாமல் இரும்பில் நேராகப் படும்படி வைத்து முடுக்கினார். வெளியே வர அவசரம் காட்டவில்லை. அடியில் இருக்கிறவரை யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"வெளிய வாங்க. ஸ்டாப்பை விட்டுட்டு எடுங்க, வெள்ளையன்."

சாவி திரும்பியது. முனகலே இல்லை. ஒரே உலுக்கல். எஞ்சின் பிடித்துக்கொண்டு தடதடவென்று ஓடியது. வேப்ப மரத்திலிருந்து காகங்கள் எழுந்து போயின.

வெள்ளையன் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அன்னிக்கே சொன்னேன், சாமி. செல்ஃப் அடிக்கச் சொல்ல காலுல படுற ஆக்ஸிலேட்டர் கேபிள் சுடுதுன்னு. நீங்கதான் உன் காலு கொழுப்புடான்னீங்க. பக்கத்துல இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்க."

தாண்டவமூர்த்தி வடிவம்மையைப் பார்த்தார்.

"பெயிண்ட் தடுத்து எர்த் சரியா சேரலைன்னா கரண்டு கிடைச்ச கம்பியில திரும்பும்," என்றார் வடிவம்மை. "பாவம், அது கேபிள் தாங்குற சுமை இல்ல."

தாண்டவமூர்த்தி வேட்டியில் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். ஆனாலும் பழக்கம் விடுமா?

"பேட்டரி புதுசுதான், அம்மா. ஒப்புக்கறேன். ஆனா என் வாதத்துல மத்ததெல்லாம் சரி. ஒரு படிதான் விட்டுப்போச்சு."

"எந்தப் படி?"

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தாங்கவில்லை. கழுத்து, காது, நெற்றி எல்லாம் எரிந்தது. நேற்றுவரை இதே இடத்தில் நின்று எத்தனை பேரை வாயடைத்திருப்பார். கொட்டாம்பாறைக்காரர்களைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் முதலில் பாய்கிறவர் அவர்தான். திருட்டு என்று மனதில் பட்டதும் முதலில் யார் முகம் வந்தது? ஏன் அந்த முகம் வந்தது? இதை யாரும் கேட்கவில்லை. அவரே கேட்டுக்கொண்டார். பதில் தெரிந்திருந்தது. அதுதான் எரிந்தது.

வடிவம்மையின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"தப்புப் பண்ணிட்டேன், அம்மா. சாப்பாட்டுக்கு அப்புறம் யாரும் இல்லாத நேரமா வெள்ளையனைத் தனியாப் பார்த்து மன்னிப்புக் கேட்டுடறேன்."

"திருடன்னு தனியாவா சொன்னீங்க?"

இல்லை. முந்தாநாள் பந்தியில் சொன்னார். இலையில் சோறு விழுந்த நேரம். கீரைக்காரி இருந்தாள், பால்காரர் இருந்தார், மலையிலிருந்து தேன் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். வெள்ளையன் சாப்பிடாமல் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். செய்தி அன்றைக்கே மலையேறிவிட்டது.

வெள்ளையன் இறங்கி வந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்காமல் சற்றுத் தள்ளி நின்றார்.

"என்கிட்ட மன்னிப்பு இன்னாத்துக்கு, சாமி? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணு நேத்து குழாயடிக்குப் போயிருக்குது. அது குடத்தை வெச்ச உடனே மத்தவங்க அவங்க அவங்க குடத்தைத் தள்ளி வெச்சுட்டாங்களாம். திரும்பி வந்து எங்கம்மாவைக் கேக்குது, நம்ம குடத்துல இன்னா அழுக்குன்னு."

தாண்டவமூர்த்தியின் கண் தரையை விட்டு மேலே வரவில்லை. தரையில் வெள்ளிப் பொடி கிடந்தது.

குனிந்தபடியே சொன்னார்.

"எனக்கு இங்க இருக்க யோக்கியதை இல்ல, அம்மா. யாருக்கும் பாடம் சொல்ல எனக்கு என்ன தகுதி? சாயங்கால பஸ்ஸுல நான் போயிடறேன்."

வடிவம்மை வேனின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"பஸ் கீழ போகுது," என்றார். "அவங்க ஊர்க் கூட்டம் மேல இருக்குது."