கப்பலேறி இறங்கிய பல்லக்குக்காரர்கள்

முன்னொரு காலத்தில், கப்பலில் வந்து இறங்காத எதையும் மதிக்காத ஓர் அரசர் இருந்தார். மகரவர்மர் என்று பெயர். நல்ல மனிதர்தான். சோறும் தூக்கமும் சரியாக இருந்தால் யாரையும் கடிந்து பேசமாட்டார். ஒரு வணிகன் கொடுத்த வெளிநாட்டுச் செருப்பைப் போட்ட நாளில்தான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. செருப்பு காலைக் கடித்தது. "நம் ஊர்ச் செருப்புக்கு இவ்வளவு நாசூக்காகக் கடிக்கத் தெரியுமா?" என்று சபையில் பெருமைப்பட்டுக்கொண்டார். சபையும் ஆமாம் போட்டது. சபைக்கு வேறு என்ன வேலை?

எல்லோரையும்விடப் பலமாக ஆமாம் போட்டவர் துறைமுகத்துக்குத் தலைவரான பவளசூடர். கப்பலில் எது வந்தாலும் அதில் ஒரு பங்கு அவர் வீட்டுக்குப் போகும். துணி வந்தால் துணி, மிளகு வந்தால் மிளகு. ஆள் வந்தால், கொண்டுவந்த கப்பல்காரன் தலைக்கு இவ்வளவு என்று தனியாகக் கவனிப்பான். ஆகவே ஒருநாள் அவர் கைகட்டி நின்று, "அரசே, செருப்பு வெளிநாடு, விளக்கு வெளிநாடு. தங்களைச் சுமக்கும் தோள்கள் மட்டும் உள்ளூராக இருக்கலாமா?" என்று கேட்டார்.

அரசருக்குப் பொறி தட்டியது. "இனி அரண்மனை வேலைக்குக் கப்பலிலிருந்து இறங்கியவர்களையே சேர்க்க வேண்டும். பல்லக்கிலிருந்து தொடங்குங்கள்!" என்று ஆணையிட்டுவிட்டார்.

பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேர். முன்னால் நான்கு, பின்னால் நான்கு. முன்னவர்களில் மூத்தவன் சடையன். பின்னால் இருப்பவர்களுக்குப் பாதை தெரியாது, பல்லக்கின் பின்பக்கம்தான் தெரியும். அதனால் சடையன் குரல் கொடுப்பான். குரலை வெட்டி "ஹேய்" என்றால் கல். இரண்டு முறை "ஹேய்" என்றால் திருப்பம். நீட்டி "ஓ...ஓம்" என்றால் தண்ணீர். குரல் வந்ததும் பதினாறு கால்களும் ஒன்றாக விலகும். உள்ளே அரசரின் தொப்பை அசையாது. அவர் சுகமாகத் தூங்குவார். தூக்கத்திலேயே, "மெல்லக் கத்துங்களடா!" என்று தினமும் ஒருமுறை அதட்டுவார். பதினைந்து வருடமாக அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

எட்டுப் பேரையும் ஒரே காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

புதிதாக வந்த எட்டுப் பேரும் நல்ல உடற்கட்டு. ஆனால் அவர்கள் பல்லக்கைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து துடுப்புப் போட்டவர்கள். அரசரின் படகை ஓட்டும் வேலை என்று சொல்லித்தான் பவளசூடரின் ஆட்கள் அவர்களைக் கூட்டிவந்திருந்தார்கள். துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தானே உட்காருவான்? அந்தப் பழக்கத்தில் எட்டுப் பேரும் பல்லக்கைத் தோளில் வைத்து, திரும்பி நின்று, பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார்கள்.

முன்னால் நான்கு பேர் அரசரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அரசரால் கொட்டாவிகூட விட முடியவில்லை. பல்லக்கு ஒரு தென்னை மரத்தில் முட்டியது, ஒரு மோர்க்காரியின் பானையை உடைத்தது, கடைசியில் அரண்மனை வாசலுக்குப் பதிலாகக் குதிரை லாயத்துக்குள் போய் நின்றது.

"குதிரைகளைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றார் அரசர், தலைப்பாகையிலிருந்து வைக்கோலை எடுத்துக்கொண்டே.

"தூர தேசத்து நாகரிகம், அரசே! கடந்து வந்த பாதையை மன்னர் மறக்கக் கூடாது என்பதற்காக அங்கே இப்படித்தான் சுமப்பார்கள்" என்றார் பவளசூடர். ஆசாமிக்கு வாய் மட்டும் இல்லையென்றால் என்றைக்கோ நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும்.

அந்தச் சபையில் வேம்பன் என்று ஒரு விகடகவி இருந்தான். நாக்கு கொஞ்சம் கசக்கும், ஆனால் உடம்புக்கு நல்லது. மறுநாள் அவன் பின்பக்கமாக நடந்தே சபைக்குள் வந்தான். ஒரு தூணில் இடித்தான், ஒரு மந்திரியின் மடியில் உட்கார்ந்து எழுந்தான், அரசருக்கு முதுகைக் காட்டி நின்று, எதிரே இருந்த வாசலைக் கும்பிட்டான்.

"வேம்பா! என்ன திமிர் இது?"

"திமிர் இல்லை அரசே, நாகரிகம். நேற்றுத்தான் லாயத்தில் கற்றுக்கொண்டேன்."

சபை சிரிப்பை அடக்கியது. அரசருக்கு அடக்க முடியாத கோபம். பவளசூடர் இந்தச் சமயத்துக்காகவே காத்திருந்தார்.

"அரசே, குறை சொல்வது எளிது. இவனே இதைவிட நல்ல ஆட்களைக் கொண்டுவரட்டும்! ஆனால் அவர்கள் நம் துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்க வேண்டும். இறங்குவதை நானே நேரில் பார்த்து ஏட்டில் எழுதுவேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர். "பத்து நாள் தருகிறேன். கப்பலிலிருந்து எட்டுப் பேர் இறங்க வேண்டும். துறைமுகத்திலிருந்து அரண்மனை வரை என் தொப்பை குலுங்கக் கூடாது. குலுங்கினால், வேம்பா, இனி அந்தப் பல்லக்கின் முன்கொம்பு உன் தோளில்தான்!"

"கப்பலிலிருந்து இறங்க வேண்டும், தொப்பை குலுங்கக் கூடாது. வேறு நிபந்தனை உண்டா, அரசே?"

"இவை போதும்."

வேம்பன் நேராகச் சடையன் வீட்டுக்குப் போனான். அங்கே சட்டி பானைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டுக் குடும்பமும் காற்று திரும்பியதும் கப்பலேறிப் பிழைக்கப் போவதென்று முடிவாகிவிட்டது.

"அந்த வெளியூர்க்காரப் பயலுக மண்டைய ஒடச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்று பொருமினான் மாசானம். பின்கொம்பு தூக்கியவன்.

சடையனின் மனைவி செல்லி மூட்டையை ஒரு இழு இழுத்து முடிச்சுப் போட்டாள். "நீங்க மட்டும் என்ன? இங்கன இருந்து கப்பலேறிப் போனா அந்த ஊர்ல நீங்கதான் வெளியூர்க்காரப் பயலுக. அங்க ஒருத்தன் ஒங்க மண்டைய ஒடைக்கணும்னு ஒக்காந்திருப்பான்."

வேம்பன் துள்ளி எழுந்தான். "தாயே, என்ன சொன்னே? கப்பலேறி இறங்குனா எவனும் வெளிநாட்டுக்காரன்தானா?"

"பெறகு என்ன சாமி? இறங்குறவன் நெத்தியிலயா எழுதியிருக்கு?"

"போதும். மூட்டையப் பிரி. சடையா, மாசானம், கெளம்புங்க, ஒரு ஆளப் பாக்கணும்."

பார்க்கப் போன ஆள், துடுப்புக்காரர்களின் தலைவன் பூலோ. தெற்கே மீனவர் குப்பத்தில், பழுது பார்த்து நிறுத்தியிருந்த, தாங்கள் வந்த கப்பலின் நிழலில் உட்கார்ந்திருந்தான். சட்டை விலகியபோது தோள் தெரிந்தது. தோல் உரிந்து, சதை சிவந்து கிடந்தது. மாசானம் அதைப் பார்த்தான். பிறகு தன் துண்டை எடுத்து நான்காக மடித்து, பூலோவின் தோளில் வைத்தான்.

"இப்படி மடிச்சு வைக்கணும்யா. வெறுந்தோள்ல வச்சா உரியாம என்ன செய்யும்?"

"நான் இது கேக்கலை" என்றான் பூலோ, துறைமுகத்தில் கற்ற தமிழில். "எனக்குப் படகு. படகு மட்டும். உன் வேலை எனக்கு வேணாம்."

"எனக்கும் ஒன் படகு வேணாம்யா, சத்தியமா!" என்றான் மாசானம்.

பத்தாம் நாள் காலை, தெற்குக் குப்பத்தில் சடையனும் ஏழு பேரும் கப்பலேறினார்கள். எல்லோருக்கும் துடுப்புக்காரர்களின் நீளச் சட்டை, பிடரிவரை இறங்கிய பெரிய தலைப்பாகை. பூலோவின் ஆட்கள் துடுப்புப் போட்டார்கள். கப்பல் கடலுக்குள் போய், ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு துறைமுகத்துக்குத் திரும்பியது. தூரம் அதிகமில்லை. ஆனால் பதினைந்து வருடம் அரசரின் வயிற்றைக் குலுங்காமல் காத்தவர்களின் வயிறு, பாறைக்குப் போவதற்குள் கலங்கி, திரும்புவதற்குள் காலியாகிவிட்டது. சடையன் இரண்டு தெய்வங்களுக்கு ஆடு நேர்ந்துகொண்டான்.

முகம் வெளுத்து, தள்ளாடி, எட்டுப் பேரும் இறங்கினார்கள். பவளசூடர் ஒவ்வொருவரையும் முகத்துக்கு நேராகப் பார்த்து ஏட்டில் எழுதினார்.

"அரசே, நிறத்தைப் பாருங்கள்! நம் வெயிலில் இப்படி ஒரு வெளுப்பு வருமா? வெகுதூரத்து ஆட்கள்தான், ஐயமே இல்லை." வேம்பனிடம் குனிந்து, "இவர்களுக்கும் எனக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடும் அல்லவா?" என்று கேட்டார்.

"ஒரு குறையும் இல்லாமல் சேரும்" என்றான் வேம்பன்.

அரசர் எட்டுப் பேரின் வணக்கத்தையும் ஏற்றுக்கொண்டு பல்லக்கில் ஏறினார். வேம்பனும் பவளசூடரும் கூடவே நடந்தார்கள். பல்லக்கு எழும்பியது. எழும்பியதே தெரியவில்லை. தென்னை மரங்கள் ஒதுங்கி வழிவிட்டன. மோர்க்காரியின் பானை பிழைத்தது. சடையன் வாயைத் திறக்காமல், கொம்பில் விரலால் தட்டித் தட்டியே பின்னவர்களுக்குச் சேதி சொன்னான். அரசர் ஒரு கொட்டாவி விட்டார். பத்து நாளில் அதுதான் முதல் கொட்டாவி. தூங்கிப் போனார்.

தாமரைக் குளத்துக் கரை வந்தது. ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் சேறு. பதினைந்து வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? சடையனின் தொண்டை தானாகத் திறந்தது.

"ஓ...ஓம்!"

"மெல்லக் கத்துங்களடா!" என்றார் அரசர் தூக்கத்தில்.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. கண்ணைத் திறந்தார். சடையனின் தலைப்பாகை சற்று மேலேறியிருந்தது. பிடரியில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம்.

"நிறுத்து! இந்த மச்சம் எனக்குத் தெரியும்! தினமும் இதைப் பார்த்துக்கொண்டேதான் நான் தூங்குவேன். நீ என் பழைய ஆள் அல்லவா? துறைமுகத்தில் உன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேனே, எனக்கு ஏன் தெரியவில்லை?"

சடையன் தலைப்பாகையைக் கழற்றினான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னான். "மகாராசா, பதினஞ்சு வருசமா எங்க பிடரியத்தான பாத்திருக்கீக. மூஞ்சிய எப்பப் பாத்தீக?"

பவளசூடர் குறுக்கே பாய்ந்தார். "மோசடி, அரசே! இவர்கள் உள்ளூர்க்காரர்கள்!"

"கப்பலிலிருந்து இறங்க வேண்டும் என்றீர்கள், இறங்கினார்கள்" என்றான் வேம்பன். "எங்கே ஏறினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வெகுதூரத்து ஆட்கள் என்று எழுதியது நான் இல்லை, உங்கள் ஏடு. அரசே, தங்கள் தொப்பை குலுங்கியதா?"

அரசர் தொப்பையைத் தொட்டுப் பார்த்தார். முதலில் ஒரு சிரிப்பு மெல்ல வந்தது. பிறகு பெரிதாக வந்தது. "இதுவரை இல்லை. இப்போதுதான் குலுங்குகிறது!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்து முடித்ததும் பல்லக்கிலிருந்து இறங்கி, முன்பக்கம் போய், எட்டுப் பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் கேட்டார். தன் முத்துமாலையைக் கழற்றி வேம்பனுக்குப் போட்டார். "பல்லக்கு இவர்களுடையது. படகுக்கென்று கூட்டிவந்தவர்களுக்குப் படகு. இரு தரப்புக்கும் ஒரே கூலி. ஒருவர் வேலையைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுப்பது இனி இல்லை" என்றார்.

"எனக்கு என்ன கட்டளை, அரசே?" என்று ஈனக் குரலில் கேட்டார் பவளசூடர்.

"உமக்கு நாகரிகம்தான் பிடிக்குமே! அரண்மனை வரை பல்லக்குக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து வாரும். இந்த முகங்கள் உமக்கும் பழகட்டும்."

பவளசூடர் சடையனின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தார். பல்லக்கு கிளம்பியது. குளக்கரை இன்னும் முடிந்திருக்கவில்லை.

"ஓ...ஓம்!" என்று சடையன் நீட்டிக் குரல் கொடுத்தான்.

பதினாறு கால்களும் ஒன்றாக விலகின. பவளசூடருக்கு மட்டும் அதன் பொருள் தெரியாது. தொப்பென்று சேற்றில் விழுந்தார்.

"இன்னும் பலமாகக் கத்தியிருக்கலாமே, சடையா" என்றார் அரசர், திண்டில் சாய்ந்துகொண்டு.