தங்கநாச்சியின் அவசரக் கல்யாணம்

நெல்லிக்கோட்டை ராஜா கொண்டல்வண்ணருக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஒரு முயல் வந்து சேர்ந்தது. ஒரு வியாபாரி இரண்டு முயல்குட்டிகளைக் கொண்டுவந்து, இரண்டும் பெட்டை என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போனான். வெள்ளைக் குட்டி ராஜாவின் மடியில் ஏறி அவர் மீசையை முகர்ந்து பார்த்தது. அவ்வளவுதான், மனிதர் உருகிப்போனார். "இவள் இனி என் மகள். பெயர் தங்கநாச்சி" என்று சபையிலேயே அறிவித்தார். சாம்பல் நிறக் குட்டிக்குச் செண்பகம் என்று பெயர் வைத்து, மகளுக்குத் தோழியாக்கினார்.

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்துவிட்டு வீடு திரும்ப வேண்டாமா? ராஜாவுக்கு யோசனை சொல்லும் சீராளன் மட்டும் எழுந்து, இளவரசிக்குப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டான்.

சில மாதங்கள் போயின. தங்கநாச்சி திடீரென்று சிடுசிடுக்க ஆரம்பித்தாள். மடியில் ஏற மறுத்தாள். வைக்கோலைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடினாள். மார்பு முடியைத் தானே பிடுங்கினாள். ராஜா பதறிப்போய்க் கால்நடை வைத்தியர் ஆவுடையப்பனைச் சபைக்கு வரவழைத்தார்.

ஆவுடையப்பன் கைராசிக்காரர். வாய்தான் சரியில்லை. தங்கநாச்சியின் வயிற்றை மெல்லத் தடவினார். பிறகு செண்பகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"மகாராஜா, இது செனையா இருக்கு. குட்டிகளுக்கு மெத்தை போடத்தான் முடியைப் பிடுங்குது. இன்னிக்கோ நாளைக்கோ ஈன்றுடும்."

"உளறாதீர். அவள் குழந்தை."

"நாலு மாசம் தாண்டினா முயல் குழந்தை இல்லீங்க. இந்தச் செண்பகமும் தோழி இல்லீங்க. ஆண்."

சபை முழுவதும் இருமியது. வைத்தியர் அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு நிறுத்தத் தெரியாது.

"குட்டிங்க பால் மறந்ததும் இதோட கர்ப்பப்பையை எடுத்துடணும். இல்லேன்னா மாசாமாசம் ஈன்று துரும்பா இளைச்சுப்போகும். அதுக்குத் தப்பினாலும் வயசான காலத்துல கர்ப்பப்பையில கட்டி வரும். ஆணுக்கும் காயடிச்சுடலாம்."

ராஜாவுக்குக் கண் சிவந்தது. "கல்யாணமாகாத என் மகளைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினதுமில்லாமல், வயிற்றில் கத்தி வேறு வைப்பீரா? நாளை மறுநாள் தேரோட்டம். அது முடிந்த மறுநாள் நீர் இந்த நாட்டில் இருக்கக் கூடாது."

ஆவுடையப்பன் சீராளனுக்கு மச்சான். சீராளன் வீட்டுக்குள் கால் வைத்ததுமே மனைவி பூங்காவனம் பிடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் பிள்ளைகுட்டிங்களை இழுத்துக்கிட்டு எந்த ஊருக்குப் போவாரு? ஊருக்கெல்லாம் யோசனை சொல்றீங்கள்ல, இதுக்கும் ஒண்ணு சொல்லுங்க."

சீராளன் யோசித்துப் பார்த்தான். மச்சானுக்கு வாய் நீளம்தான். ஆனால் சொன்னது அத்தனையும் நிஜம். நிஜத்தைச் சொன்னவரை ஊரைவிட்டு விரட்டுவதை அவனால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் கோயில் குருக்களைக் கையோடு கூட்டிக்கொண்டு அரண்மனைக்குப் போனான். ராஜா கூண்டருகே கவலையோடு உட்கார்ந்திருந்தார்.

"இவ வயித்துக்குள்ள என்னவோ துள்ளுதய்யா" என்றார் மெதுவாக.

"குருக்களே, எனக்கொரு சந்தேகம்" என்றான் சீராளன். "மகாராஜாவோட மகளுக்குப் பிள்ளை பிறந்தா மகாராஜாவுக்குத் தீட்டு உண்டா?"

குருக்கள் சாஸ்திரத்தில் கறார். "கல்யாணமாகாத பொண்ணுன்னா தகப்பனார் குலம்தானே. பத்து நாள் தீட்டு. கோயில் பக்கமே வரப்படாது."

"அப்போ நாளைக்குத் தேருக்கு மகாராஜாவுக்குப் பதிலா முதல் வடம் யார் பிடிப்பாங்க?"

"மகாராஜாவோட மைத்துனர் பிடிப்பார்."

ராஜா துள்ளி எழுந்தார். மைத்துனரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "முயலுக்கு ஏதய்யா தீட்டு?"

"முயலுக்கு இல்லைதான். நீங்க சபையில மகள்னு சொல்லிட்டீங்களே. வெறும் முயல்தான்னு தமுக்கடிச்சுச் சொல்லிடலாமா?"

ராஜா குனிந்து தங்கநாச்சியைப் பார்த்தார். "வேண்டாம். அவ என் மகள்தான்" என்று அவள் காதை நீவிவிட்டார். சீராளனுக்கே பாவமாக இருந்தது.

"அப்படின்னா இப்பவே கல்யாணத்தை முடிச்சுடுவோம், மகாராஜா. மாப்பிள்ளை செண்பகம் இங்கேயே இருக்கார். தாலி ஏறிட்டா தீட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிடும்."

"தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே?"

"இங்கே பிறந்தா உங்களுக்கும் மூணு நாள் உண்டு" என்றார் குருக்கள். "புருஷன் வீட்டுக்கு அனுப்பிடுங்கோ."

"செண்பகத்துக்கு ஏதய்யா வீடு?"

"யாராவது மாப்பிள்ளைக்குத் தகப்பனா நிக்கணும்" என்றான் சீராளன் விட்டத்தைப் பார்த்தபடி. "பிரசவம் பார்க்கத் தெரிஞ்சவரா இருந்தா நல்லது."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "ஆவுடையப்பனைக் கூப்பிடு. ஊரைவிட்டுப் போகிற ஆள்தானே, தீட்டையும் சேர்த்துக் கொண்டுபோகட்டும்."

கல்யாணம் சட்டுபுட்டென்று நடந்தது. மாப்பிள்ளைக்குக் கொத்தமல்லித் தழையில் மாலை கட்டியிருந்தார்கள். மந்திரம் முடிவதற்குள் அவரே அதைத் தின்றுவிட்டார். மணமக்கள் பல்லக்கில் வைத்தியர் வீட்டுக்குப் போனார்கள். அன்று மாலையே தங்கநாச்சி ஏழு குட்டிகள் ஈன்றாள். மறுநாள் ராஜா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் வடம் பிடித்தார். மைத்துனர் பின்னால் நின்று பல்லைக் கடித்தார்.

அதற்கு மறுநாள் அரண்மனை வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டியில் வைத்தியரின் மனைவி, பிள்ளைகள், சட்டிபானை, நடுவே தடுப்பு வைத்த ஒரு முயல்கூண்டு.

"உத்தரவு வாங்கிக்கறேன், மகாராஜா" என்றார் ஆவுடையப்பன்.

"என் மகளை எங்கேய்யா கொண்டுபோகிறீர்?"

"என் மருமகளை நான் யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்?"

ராஜா திரும்பிச் சீராளனைப் பார்த்தார். சீராளன் கைகட்டி நின்றான். "சம்பந்தியை நாடு கடத்தினா, மகாராஜா, கட்டிக்கொடுத்த பொண்ணும் கூடத்தானே போகும்."

ராஜா காவலனைக் கூப்பிட்டார். "வண்டியை அவிழ்க்கச் சொல்" என்றார்.

சந்தோஷத்தில் வைத்தியருக்கு மறுபடி வாய் திறந்துகொண்டது. "அப்போ அந்த ஆபரேஷன்..."

ராஜாவின் புருவம் ஏறியது. சீராளன் குறுக்கே புகுந்தான். "வேண்டாம்னா விட்டுடலாம், மகாராஜா. ஆனா பொண்ணுக்குப் பிரசவம்னா பிறந்த வீட்டுச் சீர் போகணும். தொட்டில், பலகாரம், மேளம் எல்லாம் வேணும். பெத்த அன்னிக்கே மறுபடி உண்டாகுற ஜாதி. கூண்டுத் தடுப்பு ஒரு நாள் திறந்து கிடந்தா, அடுத்த மாசம் அடுத்த சீர். பேத்திங்க வேற நாலு மாசத்துல வயசுக்கு வந்துடுவாங்க."

ராஜா கூண்டுக்குள் விரலை விட்டு மகளின் நெற்றியைத் தடவினார். "அவளுக்கு வலிக்குமா?"

"மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வேன்" என்றார் வைத்தியர். "கொஞ்ச நாள்ல துள்ளிக் குதிப்பா. கட்டி பயம் இல்லாம உங்க மடியிலேயே ரொம்ப வருஷம் இருப்பா."

ராஜா பெருமூச்சு விட்டார். பிறகு தடுப்புக்கு அந்தப்புறம் நிம்மதியாகத் தழை மென்றுகொண்டிருந்த செண்பகத்தைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சரி, சம்பந்தி. குட்டிகள் பால் மறக்கட்டும், செய்துவிடும்" என்றார். "ஆனால் மாப்பிள்ளைக்கு இன்றைக்கே செய்யும். பெண்ணைப் பெற்றவன் கேட்கிறேன், மறுக்காதீர்."