ஒளிச்சு வச்ச செம்புத் தண்ணி

இந்தா லில்லி, எந்திரி. ஒரு மடக்கு குடி. மடக்... மடக்... ம், போதும். காய்ச்சக்காரிக்கு மத்தியானத் தூக்கம்தான் மருந்து. என்னது, கதையா? சொல்றேன். ஆனா "ம்" கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுரும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு மருத்துவச்சி இருந்தா. ஊருன்னா பெரிய ஊரா? நாலு பக்கமும் உப்புத்தண்ணி, நடுவுல பனை, பனைக்கு நடுவுல ஒரு ஓலைக் கோயிலு, அதுல ஒரு மாதா. நம்ம தீவு மாதிரி ஒரு தீவுதான். அவ பேரு வியாகுலம். அந்தத் தீவுல பொறந்த பிள்ளையெல்லாம் அவ கையிலதான் முதல்ல வீல்னு கத்தும்.

"ம்."

அந்தத் தீவுக்குச் சாமியாரு வருசத்துக்கு ரெண்டு தடவதான் வருவாரு. தோணியில வந்து, பூசை வச்சு, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டுப் போயிருவாரு. நடுவுல ஒரு பிள்ள சாகக் கெடந்தா? அதுக்குத்தான் வியாகுலம். பழைய சாமியாரு அவளுக்குச் சொல்லிக் குடுத்திருந்தாரு. பிள்ள பிழைக்காதுன்னு தெரிஞ்சா, நீயே அது தலையில மூணு தடவ தண்ணி ஊத்து, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரச் சொல்லு, ஒரு பேரு வையின்னு. அது போதும், பிள்ள நேரா மோட்சம். ஊத்தலேன்னா மோட்சமும் இல்ல, கல்லறைத் தோட்டத்துல எடமும் இல்ல. வெளிய, நண்டு வளை தோண்டுற மணல்லதான் பொதைக்கணும்.

அப்புறம் ஒரு வருசம் மழை பொய்ச்சுப்போச்சு. ஊருக்கு ஒரே கெணறு, அதுவும் வத்திருச்சு. அக்கரையில இருந்து தோணியில தண்ணி வரணும். அப்போ பாத்து கச்சான் காத்து அடிக்குது, விர்ர்ர்ருன்னு. தோணி எறக்க முடியல. ஒரு நாளா, ரெண்டு நாளா, இருபது நாளு. பானையெல்லாம் டொங்கு டொங்குன்னு காலி. அந்த நேரத்துலதானா பேதி வரணும்? வந்துச்சு. பெரிய ஆளு தாங்குவான், பச்சப்பிள்ள தாங்குமா?

"தாங்காது."

தாங்காது. பிள்ளைக சாகக் கெடக்கு, ஊத்தத் தண்ணி இல்ல. கடல் தண்ணிய ஊத்தலாமேன்னு கேப்பே. ஊத்த மாட்டாங்க. கடல் தண்ணியில பேரு வச்சா கடல் அந்த வீட்ட மறக்காது, தோணி ஏறுற ஆம்பளைய ஒருநாள் வந்து கேக்கும்னு அந்தத் தீவுல ஒரு பயம். ஏசு வேதத்துல சேந்து எத்தனை தலைமுறை ஆனா என்ன, அந்தப் பயம் மட்டும் போகல. அப்போ வியாகுலம் என்ன செஞ்சா? கோயில் உபதேசியாரு சந்தியாகு பனையில ஏறினாரு. தொபுக், தொபுக்னு நுங்குக் கொலைய வெட்டிப் போட்டாரு. இவ நுங்கக் குத்தி, அதுக்குள்ள இருக்கிற தண்ணிய ஓலைப்பட்டையில வடிச்சா. ஒரு பிள்ளைக்கு ஒரு கையளவு. பேதிப் பிள்ள வாயில நுங்கு வைக்கக் கூடாது, இன்னும் போகும்னு பயம். அத மூணு தடவ தலையில ஊத்தி, பேரு வச்சா. ஏழு பிள்ளைக, லில்லி. ஏழும் போயிருச்சு. அதுல கடைசிப் பிள்ள அவ மக பிரகாசியோட பிள்ள. ஆறு மாசக் கொழந்த. அடைக்கலம்னு பேரு வச்சா. பிரகாசி அதே பேதியில நெனவு தப்பிக் கெடந்தா. பிள்ள தண்ணிக்கு நாக்க நாக்க நீட்டிச்சாம். அப்படியே அடங்கிருச்சாம். ஏழு பேரையும் தோட்டத்துக்குள்ள வரிசையாப் பொதைச்சாங்க.

இந்தா, இன்னொரு மடக்கு குடி. வேண்டாமா? சும்மா குடி.

அப்புறம் ஒரு புதுச் சாமியாரு தீவுலயே தங்க வந்தாரு. வெள்ளைக்காரரு, நெஞ்சு வரைக்கும் தாடி. கெட்டவருன்னு சொல்ல முடியாது, அதான் எனக்கு வயித்தெரிச்சல். மருந்து குடுத்தாரு. மழைத்தண்ணி பிடிக்கத் தொட்டி கட்டினாரு, தானே கல்லு சொமந்தாரு. கல்லறைத் தோட்டத்தச் சுத்திச் சுவரு எழுப்பினாரு. மாதா திருநாளுக்கு ஆண்டவரு வந்து தோட்டத்த மந்திரிச்சுப் புனிதமாக்கப் போறாருன்னு சொன்னாரு. ஆண்டவருன்னா மேற்றிராணியாரு, சாமியாருக்கெல்லாம் பெரிய சாமியாரு. அதுக்குக் கோயில் பொஸ்தகத்துல எல்லாப் பேரும் ஏறணும்.

"இந்த ஏழு பிள்ளைகளுக்கு யாரு ஞானஸ்நானம் குடுத்தது?"ன்னு கேட்டாரு.

வியாகுலம் நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போயி நின்னா. "நான்தான் சாமி. சொட்டுத் தண்ணி இல்லாத காலம். ஆனா ஒரு பிள்ளையக்கூட நான் விடல. நுங்குத் தண்ணி ஊத்தியாவது குடுத்துட்டேன்."

மெச்சுவாருன்னு நெனச்சா, பாவி. சாமியாரு பேனாவக் கீழ வச்சுட்டாரு. "நுங்குத் தண்ணி தண்ணி இல்ல, வியாகுலம். அது செல்லாது. கடல் தண்ணி ஊத்தியிருந்தாக்கூடச் செல்லும்." சொல்லிட்டு அவரும் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. "திருநாளுக்கு முன்னால ஏழையும் எடுத்துச் சுவத்துக்கு வெளிய வைக்கணும்."

"ம்... தோண்டுவாங்களா?"

தோண்டத்தான் சொன்னாரு. வியாகுலம் மொதல்ல கால்ல விழுந்தா. "சாமி, தப்பு என்னோடது, பிள்ளைகளத் தொடாதீங்க. என்னை வெளிய போடுங்க." அவரு, "சட்டம் என்னோடது இல்லியே"ன்னாரு.

அப்புறம் ரெண்டாவது, தோணி ஏறி அக்கரைக்குப் போனா, ஆண்டவரையே பாக்க. அவரு இருக்கிற மேற்றிராசனத்து வாசல்ல மூணு நாளு உக்காந்தா. மூணாம் நாளு ஒரு குட்டிச் சாமியாரு வெளிய வந்து, "ஒங்க சாமியாரு எழுதின கடிதாசு முன்னாடியே வந்துருச்சும்மா. அவரு சொன்னதுதான் சரி"ன்னு சொல்லி, ஒரு மாதா படத்தக் கையில குடுத்து அனுப்பிட்டாரு. படம்! பிள்ளையக் கேட்டா படம்.

அப்போ அவ திரும்பி வந்தா. ஏழு குழிமேட்டையும் பாத்தா. அவ அதுவரைக்கும் பொய் சொன்னதில்ல. மூணாவது, போயிச் சொன்னா. "சாமி, நான் அன்னிக்குச் சொன்னது பொய்யி. தண்ணி இருந்துச்சு. எங்க வீட்டுப் பரண்ல ஒரு செம்பு நல்லதண்ணி ஒளிச்சு வச்சிருந்தேன். அதத்தான் ஊத்தினேன். ஊரு தாகத்துல சாகும்போது ஒளிச்சு வச்சேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, நுங்குன்னு சொல்லிட்டேன்."

சாமியாரு சந்தியாகுவக் கேட்டாரு. அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு, "நான் கண்ண மூடி மந்திரம் சொல்லிக்கிட்டிருந்தேன் சாமி, பாக்கல"ன்னுட்டாரு.

"அப்போ ஞாயித்துக்கெழம பூசையில, சிலுவையில இருக்கிற பாடுபட்ட சுருவத்துல கை வச்சு, எல்லாருக்கும் முன்னால சொல்லு"ன்னு சாமியாரு வியாகுலத்துக்கிட்டச் சொன்னாரு.

டங்... டங்... டங்னு மணி அடிச்சுச்சு. கோயிலு நெறைஞ்சு கெடக்கு. ஏழு பிள்ளையோட அம்மாக்களும் முன்னால உக்காந்திருக்காங்க. வியாகுலம் சுருவத்துல கை வச்சா, சொன்னா. ஒரு செம்புத் தண்ணி. பரண்ல. ஒளிச்சு வச்சேன். அப்புறம் பிரகாசி எந்திரிச்சா.

"தண்ணி இருந்துச்சா? எம்பிள்ள நாக்க நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சாமே. நீ தண்ணிய அது தலையில ஊத்தினியா? வாயில ஊத்தலியா?"

வியாகுலம் அவளப் பாத்தா. இல்லேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். சொன்னா மண்வெட்டி வரும். "ஆமா"ன்னா.

ஏழு குழியும் தோட்டத்துக்குள்ளயே நின்னுச்சு. ஆண்டவரு வந்தாரு, மந்திரிச்சாரு, வெடி போட்டாங்க, சப்பரம் சுத்திச்சு. அன்னையில இருந்து வியாகுலத்த யாரும் பிரசவத்துக்குக் கூப்பிடல. கெணத்தடிக்குப் போனா, "ஒனக்கெதுக்குத் தண்ணி, பரண்ல இருக்குமே"ன்னு பொம்பளைக கொடத்தத் தள்ளி வச்சாங்க. கோயில்ல அவ உக்காந்த வரிசையில யாரும் உக்கார மாட்டாங்க. பத்தொம்பது வருசம். பிரகாசி பெத்த தாயி கிட்ட ஒரு வார்த்த பேசல. அதுக்கப்புறம் அவளுக்குப் பிள்ளையும் பொறக்கல.

"ம்... அப்புறம்?"

இன்னும் தூங்கலியா நீ? அப்புறம் வியாகுலம் சாகக் கெடந்தா. தண்ணி, தண்ணின்னு மகளத்தான் கூப்பிட்டா. மக வாசல்வரைக்கும் போனா. உள்ள போகல. நிலையப் பிடிச்சுக்கிட்டு, "ஒளிச்சு வச்சியே ஒரு செம்பு, அதத் தேடிக் குடி"ன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டா. பிரகாசியோட தங்கச்சிதான் ஓடிப்போயி வாயில ஊத்தினா. ஊத்தினது வழிஞ்சு வெளிய வந்துருச்சு.

குழியில வச்சு மண்ணு தள்ளினதுக்கப்புறம் கெழவரு சந்தியாகு பிரகாசி பக்கத்துல வந்தாரு. "அன்னிக்கு நான்தாம்மா வீடு வீடாச் செம்பு எடுத்துக்கிட்டுப் போனேன். ஒங்கம்மா வீட்டுப் பரணையும் நான்தான் தேடினேன். ஒரு சொட்டு இல்ல. இருந்திருந்தா மொதல்ல அடைக்கலம் வாயிலதான் ஊத்தியிருப்பா. சொன்னா தோண்டிருவாங்கன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா"ன்னாரு.

இந்தச் சந்தியாகுவுக்கு ஒரு நாளு முன்னால வாயத் தொறக்கத் தெரியல பாரு. ஒரே ஒரு நாளு.

போன மாசம் நம்ம கோயிலுக்கு வந்திருக்காருல்ல, சின்னச் சாமியாரு, மோட்டார் சைக்கிள்ல வருவாரே, அவரு கிட்டக் கேட்டேன். சாமி, ஞானஸ்நானம் வாங்காத பச்சப்பிள்ள என்ன ஆகும்? சிரிச்சாரு. "அதெல்லாம் அந்தக் காலம் பாட்டி. கடவுளு பச்சப்பிள்ளைய வெளிய நிறுத்துவாரா?"ன்னாரு. அவ்வளவுதான். சிரிச்சுட்டு வண்டிய மிதிச்சு, டுபுடுபுடுபுன்னு போயிட்டாரு.

"பெரியாச்சி... அந்தப் பிரகாசி இப்ப எங்க?"

எங்கயும் போகல. ஒனக்கு ஒரு வேளைக்குப் பத்துத் தடவ தண்ணி குடுத்துக்கிட்டு இங்கதான் உக்காந்திருக்கேன். ஒங்க அம்மாச்சிதான் அன்னிக்கு ஓடிப்போயி ஊத்தின தங்கச்சி. அவளுக்காவது அந்தக் குடுப்பினை இருந்துச்சு.

சரி. கதை கரை சேந்துருச்சு, தோணியக் கட்டியாச்சு. வாயத் தொற, கடைசியா ஒரு மடக்கு. முழுங்கினியா? முழுங்கு. இப்பத் தூங்கு.