சிவப்பு மை போட்ட நாட்குறிப்பு

முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் ஒரு சிறு மடம். அதன் தலைவி மட்டுவார்குழலி அம்மைக்கு வயது நாற்பத்தாறு. சீடர் மருதமுத்துவுக்கு அறுபத்தெட்டு. குருவைவிடச் சீடர் மூத்தவரா என்று மூக்கில் விரல் வைத்தவர்கள் உண்டு. மருதமுத்து அதைச் சட்டை செய்ததில்லை. இருபது வருஷம் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுவாரா?

ஆடிப்பெருக்கன்று காலையில் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்கு வந்தார். ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. பழைய ஏடுகளை அன்று ஆற்றில் விடுவது முன்னோர் வழக்கம். அவர் பையில் இருந்தவை ஏடுகள் அல்ல, மடத்துக்கு வந்த நாள் முதல் எழுதிய ஒன்பது வருஷத்து நாட்குறிப்புகள்.

குரு படியில் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு சந்தேகம், சாமி. பழைய நாட்குறிப்பைத் திரும்ப எடுத்துப் படிக்கலாமா, கூடாதா?”

“படிச்சீங்களா?”

“ஒரு மாசமாப் படிச்சேன். மானமே போச்சு. ஆத்துல விட்டுடலாம்னு வந்தேன்.”

குரு கையை நீட்டினார். மருதமுத்து தயங்கித் தயங்கி முதல் நோட்டை எடுத்துக் கொடுத்தார். நீல மையில் எழுதிய பக்கங்கள். ஓரமெல்லாம் சிவப்பு மை.

‘இன்று தியானத்தில் ஒளி கண்டேன்.’ பக்கத்தில் சிவப்பில்: ‘பொய். எதிர்வீட்டு டியூப்லைட்.’

‘என்னைப் போய் விறகு பிளக்கச் சொல்கிறார் இந்த அம்மாள்! மூன்றே நாளில் ஊருக்குக் கிளம்பிவிடுவேன்.’ சிவப்பில்: ‘ஆணவம். நூற்றுக்கு முட்டை.’

குரு வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது.

‘பங்கஜம் போய் இன்றோடு ஒரு வருஷம். அழுதேன்.’ சிவப்பில்: ‘கோழை.’

மருதமுத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். செத்துப்போன மனைவிக்காக அழுதவனுக்கு அவரே கொடுத்த மதிப்பெண் அது.

“உங்க பள்ளிக்கூடத்துல, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க நோட்டை என்ன செய்வீங்க?” என்று குரு கேட்டார்.

பள்ளிக்கூடம் என்றதும் மருதமுத்துவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

“பீரோவுல பத்திரமா வச்சிருப்பேன், சாமி. அஞ்சாம் வகுப்பு முடிச்சுப் போற அன்னைக்கு, அந்தப் பிள்ளையோட அம்மாவை வரச்சொல்லி அவங்க கையில குடுப்பேன். ‘அ’னாவைக் கவுத்துப் போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் அந்த அம்மா முகத்துல ஒரு பெருமை வரும் பாருங்க! ஜில்லாவுலயே வேற எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இந்த வழக்கம் கிடையாது.”

“குடுக்குறதுக்கு முன்னால சிவப்பு மையால திருத்துவீங்களோ?”

“சேச்சே! அதுல போய் எதுக்கு...”

பாதியில் நிறுத்திக்கொண்டார். பையைக் கீழே வைத்தார். 

“எனக்குக் காட்ட ஆள் இல்லையே, சாமி. அம்மா போய் முப்பது வருஷமாச்சு.”

குரு சற்று நகர்ந்து படியில் அவருக்கு இடம் விட்டார். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

“மீதியையும் கொண்டாங்க. என் பிள்ளை எழுதினதை நான் பார்க்க வேண்டாமா?”